டயருக்குள் நூல் பாவும் மிஷின்கள்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டயர் கம்பெனி ஒன்றின் பிளை (ரப்பருக்குள் நூல் பாவிய அடுக்கு) தயாரிப்புப் பிரிவில், அதாவது நூலுக்கு ரப்பர் அழுத்தும் காலண்டரும் அந்தத் தாளை வெட்டும் கட்டரும் ஓடுகிற பகுதியில், வேலை பார்த்துவிட்டுச் சேலத்துக்குத் திரும்பியவன் நான். அம்மாப்பேட்டை தறிக்காரர்கள், சங்ககிரி லாரி ஓனர்கள், தேய்ந்த டயரைப் புதுப்பிக்கும் ரீட்ரேடிங் பட்டறைக்காரர்கள், கருப்பூர் பக்கம் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் என்று யார் பேச்செடுத்தாலும் சந்தேகம் மட்டும் ஒன்றாகவே இருக்கிறது: டயருக்குள் நூல் எதற்கு, அது எப்படி உள்ளே போகிறது? கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

டயர்னா ரப்பர்தானே? உள்ள நூல் எதுக்குங்க?

காற்றைத் தாங்குவது நூல்தான். காற்று கசியாமல் அடைப்பது, ரோட்டைப் பிடிப்பது, நூலைத் தண்ணீரிலிருந்தும் கல்லிலிருந்தும் காப்பது, இவைதான் ரப்பரின் வேலை. லாரி டயருக்கு 110, 120 பவுண்டு அடிக்கிறோம். வெறும் ரப்பர் வளையத்தில் அவ்வளவு அடித்தால் உப்பிக்கொண்டே போய் வெடித்துவிடும்.

1888இல் டன்லப் காற்று டயர் செய்தபோதே ரப்பரோடு துணியும் இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் போட்டது சாதாரண கேன்வாஸ். அதில் பாவும் ஊடையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கிக் கிடக்கும். சக்கரம் உருளும்போதெல்லாம் ஒன்றையொன்று உராய்ந்து அறுத்துக்கொள்ளும். ஊடையை ஏறக்குறைய எடுத்துவிட்டு, பாவு நூலை மட்டும் ரப்பருக்குள் இணையாகக் கிடத்தி, அடுத்த அடுக்கை எதிர்ப்பக்கம் சாய்த்து வைக்கத் தொடங்கிய பிறகுதான் டயரின் ஆயுள் கூடியது. இன்றைய மிஷின்கள் அத்தனையும் இந்த ஒரு வேலைக்காகத்தான்: சம இடைவெளி, சம இழுவை, கேட்ட கோணம். இந்த மூன்றும் கீழே திரும்பத் திரும்ப வரும்.

அப்போ அந்தத் துணியை எங்க விசைத்தறியிலயே நெய்யலாமே?

நெசவு மட்டும்தான் வேலை என்றால் நெய்யலாம். டயருக்குள் போகும் முறுக்கு நூல் துணியை, அதாவது டயர் கார்டு துணியைப் பார்த்தால் நம் ஊர்த் தறிக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். ஆயிரத்துக்கு மேற்பட்ட பாவு இழைகள் கெட்டியாக நிற்கும். ஊடை மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்று என்ற கணக்கில் மெல்லிய நூலாக அங்கங்கே ஓடும். பாவு கலையாமல் காலண்டர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் அந்த ஊடை. அங்கே போனதும் அதை வேண்டுமென்றே அறுத்துவிடுவார்கள்.

செலவு இருப்பது நெசவுக்கு முன்னும் பின்னும். முன்னால் முறுக்கு: இரண்டு இழைகளைத் தனித்தனியாக ஒரு பக்கம் முறுக்கி, பிறகு சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்க வேண்டும். பின்னால் டிப்பிங்: துணி முழுவதையும் பசைக் கரைசலில் முக்கி, 200 டிகிரிக்கு மேல் சூடான அடுப்புகள் வழியே, இழுத்துப் பிடித்தபடியே ஓட்ட வேண்டும். அந்த இழுவையில்தான் நூல் பின்னால் எவ்வளவு சுருங்கும், எவ்வளவு நீளும் என்பது முடிவாகிறது. தறி உங்களிடம் இருக்கிறது, டிப்பிங் யூனிட் இல்லை. அதைப் போட முடிந்தவர்கள் பெரிய ரசாயன, நூல் கம்பெனிகள்தான்.

1260/2ன்னு துணி ரோல்ல எழுதியிருக்கே, அது என்ன?

டெனியர் கணக்குத்தான், தறிக்காரர்களுக்குப் பழக்கமானது. 9,000 மீட்டர் இழை 1,260 கிராம் எடை. அப்படி இரண்டு இழைகளை முறுக்கியது ஒரு கார்டு. நைலானில் இப்படி ஒரு கார்டு சுமார் 20 கிலோ தாங்கும். நம் லாரிகளின் நைலான் டயரில் இதுவும் இதைவிடத் தடித்ததும் போடுகிறார்கள். கார் ரேடியலின் (உடம்பில் நூல் நேர்குறுக்காகக் கிடக்கும் டயர்) உடம்பில் பெரும்பாலும் பாலியெஸ்டர் 1000/2 அல்லது 1500/2.

இரும்புக் கம்பிக்கு எழுத்து வேறு மாதிரி இருக்கும். 3+9+15 என்றால் நடுவில் 3, அதைச் சுற்றி 9, அதற்கு வெளியே 15 என 27 கம்பிகள். ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீட்டருக்கும் மெல்லியது. லாரி ரேடியலின் உடம்பில் போவது இது. ஒரே தடிமனில் ஒற்றைக் கம்பி போட்டால் வளைந்து வளைந்து சீக்கிரம் முறிந்துவிடும்; மெல்லிய கம்பிகளின் கட்டு அந்த வளைவைத் தாங்கும்.

நைலான் மேலயும் இரும்பு மேலயும் ரப்பர் எப்படிங்க ஒட்டுது?

நைலானுக்கு, மேலே சொன்ன டிப்பிங். ரெசார்சினால், ஃபார்மால்டிஹைடு, லேடெக்ஸ் மூன்றும் கலந்த கரைசல் அது. நூலோடு பிசின் ஒட்டும், லேடெக்ஸ் ரப்பரோடு ஒட்டும். 1930களிலிருந்து இதே அடிப்படைதான்.

இரும்புக்குப் பித்தளை. கம்பியின் மேல் ஒரு மைக்ரானில் கால் பங்கு அளவுக்குப் பித்தளைப் பூச்சு இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு செம்பு, மிச்சம் துத்தநாகம். டயர் வேகும்போது ரப்பரில் உள்ள கந்தகம் அந்தச் செம்போடு வினைபுரிந்து பிடித்துக்கொள்கிறது. பூச்சு இவ்வளவு மெல்லியதாக இருப்பதால் ஈரம் பட்டால் காரியம் கெட்டது. அதனால்தான் கம்பிச் சுருள்கள் நிற்கும் கிரீல் அறையில் ஈரப்பதத்தைக் குறைத்தே வைக்கிறார்கள். பேக்கிங் பிரித்த சுருளை நாள்கணக்கில் வெளியே போட்டு வைக்க மாட்டார்கள்.

காலண்டர்னு சொல்றீங்களே, அங்க என்னதான் நடக்குது?

நான்கு பெரிய உருளைகள். மேல் ஜோடி ஒரு ரப்பர் தாளை உருட்டுகிறது, கீழ் ஜோடி இன்னொன்றை. நடுவில் இரண்டு தாள்களுக்கும் இடையே நூல் நுழைகிறது. இரு பக்கமும் ரப்பர் அழுந்தி ஒரே தாளாக வெளியே வருகிறது. தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், அல்லது கொஞ்சம் கூட. சொல்ல எளிது. ஆனால் டயர் ஃபேக்டரியில் என்னைக் கேட்டால் மிக முக்கியமான இடம் இதுதான். இங்கே இடைவெளி தவறினால் பின்னால் யாராலும் சரிசெய்ய முடியாது.

துணி காலண்டருக்குள் போகுமுன் சூடான டிரம்களின் மேல் ஓடிக் காய்கிறது. நைலான் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் உள்ளேயே நின்றால் டயர் வேகும்போது ஆவியாகிக் கொப்புளம் போடும். பிறகு அக்யுமுலேட்டர்: ஒரு ரோல் முடிந்து அடுத்ததை ஒட்டுகிற நேரத்துக்குக் காலண்டர் நிற்காமல் ஓட வேண்டும் என்பதால் மேலும் கீழுமாகத் துணியைச் சேமித்து வைக்கும் உருளை வரிசை. அதற்குப் பிறகு, துணியின் ஓரத்தில் நூல்கள் நெருங்கிவிடாமல் அகட்டி விரிக்கும் வளைந்த உருளை. ஃபேக்டரியில் அதைப் பனானா ரோல் என்போம். ஊடையை அறுப்பதும் இந்தப் பக்கம்தான். அறுக்காவிட்டால் ஊடை இழுத்துப் பிடித்த இடத்தில் பாவு கூடும், அடுத்த இடத்தில் இடைவெளி விழும்.

இரும்புக் கம்பிக்கு நெசவே கிடையாது. கிரீல் அறையில் நூற்றுக்கணக்கில் சுருள்கள் நிற்க, ஒவ்வொன்றுக்கும் தனி பிரேக். எல்லாக் கம்பிகளும் காடி வெட்டிய உருளை வழியாகத் தத்தம் இடத்தில் காலண்டருக்குள் நுழையும். ஒரு சுருளின் பிரேக் மட்டும் இளகினாலும் அந்தக் கம்பி தாளுக்குள் நெளிந்து படுக்கும். கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயில் தெரியும்.

வெட்டும்போது ஏன் சாய்ச்சு வெட்டறாங்க? நேரா வெட்டினா வேஸ்ட் குறையுமே?

காலண்டர் தாளில் நூல் நீளவாக்கில் ஓடுகிறது. டயரில் அது குறுக்காகவோ சாய்வாகவோ கிடக்க வேண்டும். அதனால் தாளைக் கோணத்தில் துண்டாக்கி, துண்டுகளைத் திருப்பி, பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டே போகிறார்கள். வெட்டிய விளிம்புதான் இனி புதிய தாளின் நீளவாக்கு. ஓரமாக இருந்த விளிம்புகள்தான் ஒட்டு.

கார் டயரின் இரும்பு பெல்ட்டை, அதாவது ரோட்டில் படும் ரப்பருக்கு அடியில் டயரைச் சுற்றிக் கிடக்கும் கம்பித் தாளை, எடுத்துக்கொள்ளுங்கள். நூலுக்கும் வெட்டுக்கும் 25 டிகிரி, தாளின் அகலம் 1 மீட்டர் என்றால் வெட்டிய விளிம்பின் நீளம் 1-ஐ சைன் 25 ஆல் வகுத்தால் வருவது, 2.37 மீட்டர். டயரைச் சுற்றி பெல்ட் 1.9 மீட்டர்தான் தேவைப்படும். ஆக ஒரு துண்டு ஒரு டயருக்கு முழுதாகவும், அடுத்த டயருக்குக் கொஞ்சமாகவும் போகும். அதனால்தான் சில டயரில் ஒரு ஒட்டு, சிலதில் இரண்டு. கழிவு என்று பார்த்தால் ரோலின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள முக்கோணம்தான். நைலான், பாலியெஸ்டர் தாளை வட்டக் கத்தி வெட்டும்; இரும்புக்கு கில்லட்டின் போன்ற கனமான கத்தி. ஹாலந்தின் விஎம்ஐ, ஜெர்மனியின் ஃபிஷர் ஆகியவை இந்தக் கட்டர்களில் பெயர் பெற்றவை.

டிரம்ல 60 டிகிரின்னு சொல்றாங்க, டயரை அறுத்துப் பார்த்தா 37தான் இருக்கு. எது சரி?

இரண்டும் சரி. நூல் சாய்வாகக் கிடக்கும் பயாஸ் டயரை (நம் ஊரில் நைலான் டயர் என்பது) தட்டையான டிரம்மில், அதாவது உருளையில், கட்டுகிறார்கள். பிறகு வேகவைக்கும் பிரஸ்ஸில் அது உப்பி டயர் வடிவம் எடுக்கிறது. அப்போது குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் நூல்கள், கடைவாசலில் இழுத்து மூடும் மடக்குக் கிரில் கேட் போல, கோணத்தை மாற்றிக்கொள்கின்றன. நூலின் நீளம் மாறாது, சாய்வுதான் மாறும்.

கணக்கு இது: சுற்றுத் திசையிலிருந்து அளந்த கோணத்தின் கொசைன், விட்டம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு கூடும். டிரம்மில் 60 டிகிரி, கொசைன் 0.5. டயரின் உச்சியில், அதாவது ரோட்டைத் தொடும் பக்கம், விட்டம் 1.6 மடங்கு ஆனால் கொசைன் 0.8, கோணம் ஏறக்குறைய 37. நூல் கொஞ்சம் நீள்வதால் உண்மையில் ஓரிரு டிகிரி வித்தியாசம் வரும். இதிலிருந்து ஒன்று புரியும்: கட்டர் கோணத்தில் ஒரு டிகிரி தவறு இங்கே அப்படியே ஒரு டிகிரியாக நிற்காது, கூடும்.

ரேடியல்ல நூல் 90 டிகிரி. அப்போ இந்தத் தொல்லையே இல்லையே?

கோணத் தொல்லை இல்லை. இடைவெளித் தொல்லை உண்டு. பீட்டிலிருந்து (ரிம்மில் உட்காரும் கம்பி வைத்த ஓரம்) மறு பீட்டுக்கு நூல்கள் நேர்குறுக்காகக் கிடப்பதால், டயர் உப்பும்போது ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன. டிரம்மில் விட்டம் 38 சென்டிமீட்டர், சென்டிமீட்டருக்கு 10 நூல் என்றால் மொத்தம் சுமார் 1,200 நூல். உச்சியில் விட்டம் 60 ஆனால் அதே 1,200 நூல் பரவி, சென்டிமீட்டருக்கு ஆறு சொச்சம்தான் நிற்கும். டிரம்மில் சிறிதாகத் தெரிந்த இடைவெளிப் பிசகு, டயரில் ஒன்றரை மடங்கு.

உச்சியை இறுக்கிப் பிடிப்பது பெல்ட். ஒன்று இடப்பக்கம் சாய்ந்தது, அடுத்தது வலப்பக்கம். மிஷெலின் 1946இல் காப்புரிமை எடுத்து 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேடியலின் சாரமே இந்தப் பிரிவினைதான்: உடம்புக்கு ஒரு நூல் அமைப்பு, உச்சிக்கு வேறு.

16 பிளை டயர்னு காசு வாங்கறாங்க, உள்ள 16 அடுக்கு இருக்கா இல்ல ஏமாத்தறாங்களா?

ஏமாற்று இல்லை. பருத்தி நூல் போட்ட காலத்தில் அந்தச் சுமைக்கு 16 அடுக்கு தேவைப்பட்டது. அந்தப் பலம் உள்ள டயர் என்பதற்கான குறி அது. நைலான் வந்ததும் அடுக்குகள் குறைந்தன, குறி மட்டும் நின்றுவிட்டது. முழு இரும்பு ரேடியலில் உடம்புக்கு ஒரே அடுக்குத்தான், அதிலும் 16 என்றே போட்டிருக்கும். பல டயர்களின் பக்கச்சுவரில் உண்மையான அடுக்கு எண்ணிக்கை சின்ன எழுத்தில் இருக்கும், பாருங்கள்.

ஏற்காடு ரோட்டுக்கு நைலானா, ரேடியலா?

20 ஹேர்பின் வளைவில் பக்கத் தள்ளலை வாங்குவது பெல்ட். ரேடியலில் ட்ரெட் (ரோட்டில் படும் ரப்பர்) ரோட்டோடு தட்டையாக நிற்கும், தேய்மானம் குறையும். நைலானில் பக்கச்சுவர் அசைந்தால் ட்ரெட்டும் சேர்ந்து அசையும். ஆனால் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் டிரம் சூடு ரிம் வழியாகப் பீட்டுக்கு ஏறும். எந்த டயராக இருந்தாலும் நூல் மடித்து நிற்கும் இடம் அங்கேதான். டயர் வகையைவிட கியரில் இறங்குவது முக்கியம்.

நூலைத் துணியாக்காம, ஒரே நூலை நேரா டயர் மேல சுத்தற மிஷின் இருக்காமே?

இருக்கிறது. எளிய வகை உங்கள் காரிலேயே இருக்கக்கூடும். வேகமாக ஓடும் கார் டயரில் பெல்ட்டின் மேல் நைலான் உறை ஒன்று வரும். சில நூல்கள் கொண்ட ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள குறுகிய நாடாவை, சுழலும் டிரம்மின் மேல் ஓரத்திலிருந்து ஓரம் வரை சுருளாகச் சுற்றிக்கொண்டே போகிறார்கள். ஒட்டே கிடையாது. சுற்றும் இழுவையை இடத்துக்கு இடம் மாற்றலாம். பெல்ட்டின் ஓரம் பிரியும் ஆபத்துள்ள இடம் என்பதால் அங்கே இறுக்கமாக, நடுவில் இளக்கமாக.

இன்னொன்று ஸ்டீலாஸ்டிக் முறை. சில கம்பிகளை மட்டும் எடுத்து, சூடான டையின் (துளையுள்ள அச்சு) வழியே ரப்பரோடு பிதுக்கி நாடாவாக்கி, வெட்டி, ஒட்டி பெல்ட் செய்வது. பெரிய காலண்டரும் ஆயிரம் சுருள் கிரீலும் தேவையில்லை.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்பது. டயரின் உள்வடிவிலேயே ஒரு கெட்டியான கோர். அதன் மேல் ஒட்டும் பதத்தில் ரப்பர். ஒரு கை நூலை ஒரு பீட்டிலிருந்து உச்சி வழியாக மறு பீட்டுக்குக் கொண்டுபோகிறது. அங்கே ஒரு அழுத்தி இறங்கி நூலைப் பிடிக்க, கை திரும்பி வருகிறது. கோர் ஒரு துளி நகர்கிறது. இப்படியே சுற்று முழுவதும் ஒரே நூல், முனையில் வளையம் வளையமாக. வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. நூல் கடைசி வடிவிலேயே படுப்பதால் மேலே சொன்ன கோண மாற்றமும் இடைவெளி விரிவும் கிடையாது. மிஷெலினின் சி3எம், பைரெல்லியின் எம்ஐஆர்எஸ் போன்ற சிறிய, தானியங்கித் தொழிற்சாலைத் திட்டங்கள் 1990களிலும் 2000ஐ ஒட்டியும் பேசப்பட்டன. கெட்டியான கோர் மேலேயே டயரைக் கட்டுவதும், இடைநிலைத் தாள்கள் இல்லாமல் செய்வதும் அவற்றின் நோக்கம்.

இவ்வளவு நல்லதுன்னா ஏன் எல்லாரும் இன்னும் காலண்டரைக் கட்டிக்கிட்டு அழறாங்க?

வேகம். மேலே பார்த்த 1,200 நூலை ஒவ்வொன்றாகக் கிடத்த, நொடிக்கு இரண்டு என்றால் 10 நிமிடம். டிரம்மில் தாள் சுற்றும் நவீன மிஷின் ஒரு நிமிடத்துக்குள் ஒரு கார் டயரைக் கட்டிவிடுகிறது. அந்த வேகத்தைப் பிடிக்க நொடிக்கு 20 நூல் போட வேண்டும். கை அவ்வளவு வேகமாகப் போய்த் திரும்பும்போது இழுவையைச் சமமாக வைப்பதுதான் இந்த முறைக்கு எடுத்த காப்புரிமைகள் எல்லாம் முட்டி மோதும் இடம்.

பீட் இன்னொரு சிக்கல். வழக்கமான டயரில் பிளை பீட் கம்பியைச் சுற்றி மேலே மடிகிறது, அதனால் உருவிக்கொள்ளாது. கெட்டியான கோரில் அப்படி மடிக்க முடியாது. வளையங்களின் இரு பக்கமும் வட்டமாகக் கம்பி சுற்றி, இறுக்கமான ரப்பரால் கவ்வ வைக்க வேண்டும். பல அளவுகளில், குறைந்த எண்ணிக்கையில் செய்பவருக்கு இந்த முறை பொருந்தலாம். ஒரே அளவில் லட்சக்கணக்கில் ஓட்டுபவருக்குக் காலண்டர்தான் மலிவு. என் கணிப்பில், ஒரே நூல் முறை காலண்டரை ஒழிக்கப்போவதில்லை. சுருள் உறை மட்டும் எல்லா இடத்திலும் நுழைந்துவிட்டது.

கார் டயர் பக்கத்துல ஒரு பள்ளம் தெரியுது. வெடிச்சிருமா?

பள்ளமா, புடைப்பா என்று முதலில் பாருங்கள். பிளையின் ஒட்டில் சில நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இரட்டிப்பாகக் கிடக்கும். அங்கே டயர் குறைவாக நீளும், காற்று அடித்ததும் பீட்டிலிருந்து தோள் வரை மெல்லிய பள்ளமாகத் தெரியும். அது பலவீனம் இல்லை. புடைப்பு என்றால் அங்கே நூல் அறுந்திருக்கிறது அல்லது ஒட்டு திறந்திருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி டயரை மாற்றுங்கள்.

ரீட்ரேடிங்ல புது நூல் போடுவீங்களா? கம்பி தெரியற டயர் வாங்கலாமா?

ரீட்ரேடிங் ட்ரெட் ரப்பரை மட்டும்தான் புதிதாக்கும். நூல் பழையதேதான். பழைய ட்ரெட்டைச் சுரண்டி எடுக்கும் பஃபிங்கில் மேல் பெல்ட்டின் கம்பி ஒன்றிரண்டு இடத்தில் தெரிந்தால் துருவைச் சுரண்டி நிரப்பலாம். கம்பி பரவலாகத் துருப்பிடித்திருந்தால் பித்தளைப் பூச்சு போய்விட்டது என்று பொருள், புது ரப்பர் அதில் நிற்காது.

பக்கச்சுவர்தான் எமன். இரும்பு உடம்புள்ள லாரி டயர், சொன்ன காற்றில் 80 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ ஓடியிருந்தால், கம்பிகள் மடிந்து மடிந்து உள்ளேயே முறிந்திருக்கக்கூடும். திரும்பக் காற்று அடிக்கும்போது வரிசையாக அறுந்து ஜிப் திறப்பதுபோல் கிழியும். பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது அரிது. அத்தகைய டயருக்குக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று அடிக்க வேண்டும். தடவிப் பார்த்தால் அலை அலையாக இருப்பது, அமுக்கினால் நொறுங்கும் சத்தம் வருவது, இரண்டில் எது இருந்தாலும் ரீட்ரேடிங்குக்கு வாங்காதீர்கள்.

நம்ம சேலம் ஸ்டீல் பிளான்ட்ல டயர் கம்பி வருதா?

இல்லை. அங்கே வருவது ஸ்டெயின்லெஸ் தகடு. டயர் கார்டுக்கு 0.7 முதல் 0.9 சதவீதம் வரை கார்பன் உள்ள கம்பி வேண்டும். அதைப் பலமுறை இழுத்து மெலிதாக்கி, நடுவில் சூடேற்றிப் பதப்படுத்தி, பித்தளை பூசி, இன்னும் இழுப்பார்கள். வேறு தொழில்.

காலேஜ் புராஜெக்டுக்கு நூல் கிடத்தற மிஷின் மாடல் செய்யலாமா சார்?

தாராளமாக. 20 சென்டிமீட்டர் விட்டத்தில் மரத்தில் ஒரு கோர் கடைந்துகொள்ளுங்கள். மேலே ஒட்ட, ரீட்ரேடிங் பட்டறையில் குஷன் கம் தாள் கேளுங்கள்; வேகாத ரப்பர், நூல் தானாகவே ஒட்டி நிற்கும். சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி நகரும். ஒரு தடவைக்கு ஒரு படி என்றால் கியரே இல்லாமல் 200 நூல், உச்சியில் இடைவெளி 3.14 மில்லிமீட்டர்.

மாட்டிக்கொள்ளும் இடம் இழுவை. கை முனையில் நிற்கும்போது நூல் தேவையில்லை, நடுவில் ஓடும்போது நிறையத் தேவை; பாபின் மட்டும் தன் வேகத்தில் சுற்றிக்கொண்டே தொளதொளவென நூலைக் கொட்டும். பாபினுக்கும் கைக்கும் நடுவில் ஸ்பிரிங் வைத்த ஆடும் கை ஒன்றும், பாபினில் ஃபெல்ட் பிரேக்கும் போடுங்கள். முனையில் நூலை அமுக்கிப் பிடிக்க ஒரு பின் வேண்டும், இல்லையென்றால் வளையம் கழன்று வரும்.

இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கும். கோர் நிற்காமல் சுழன்றுகொண்டே இருந்தால் ஒவ்வொரு நூலும் லேசாகச் சாய்ந்து, போவதும் வருவதும் எதிரெதிராகப் படுக்கும். 90 டிகிரி வராது. கை முனையில் நிற்கும்போது மட்டும் கோர் ஒரு படி நகர்ந்தால் நூல் நேராகப் படுக்கும், ஆனால் வேகம் குறையும். எதை, ஏன் எடுத்தீர்கள் என்பதற்கு உச்சியில் பத்து இடத்தில் அளந்த இடைவெளியோடு பதில் வைத்திருங்கள். வைவாவில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.